சாகாத கோழிக்கும் பறவைக் காய்ச்சல்: வீரியம் குறைந்த வகையைக் கண்டுபிடிக்கவும் கட்டுப்படுத்தவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் என் கொட்டகையில் 1,800 முட்டைக்கோழிகள் இருந்தன. நல்ல நாளில் 54 அட்டை முட்டை வரும். ஒரு தை மாதம் அது 51 ஆனது, மறுநாள் 48. ஒரு கோழிகூடச் சாகவில்லை. பனி அதிகம், தீவனமும் மாற்றியிருக்கிறோம், அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் மாலை உள்ளே போய் நின்றால் நாலா பக்கமும் தும்மல். மருந்துக்கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கலந்துவிட்டேன். முட்டை 36 அட்டைக்கு இறங்கிய பிறகுதான் மாதிரி எடுக்கச் சொல்லி டாக்டரைக் கூப்பிட்டேன். எச்9 வகைப் பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. பழைய கணக்குக்குத் திரும்ப ஏழு வாரம் பிடித்தது.

மூன்று அட்டை குறைந்த அன்றே நான் கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கான தகவல் என் நோட்டிலேயே இருந்தது, நான்தான் அதைப் படிக்கவில்லை. இந்த வழிகாட்டியில் பாதி அந்த நோட்டைப் பற்றித்தான்.

முதலில், எதைத் தேடுகிறோம்

பறவைக் காய்ச்சல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாக நம் நாட்டில் தெரியவந்த எச்5 என்1. கொத்துக் கொத்தாகச் சாவு, பெரிய குழி, வெள்ளை உடை போட்ட ஆட்கள். அது வீரியம் மிகுந்த வகை. அதே குடும்பத்தில் சத்தமில்லாமல் சுற்றும் வீரியம் குறைந்த வகைகளும் உண்டு. நம் நாட்டுக் கோழிகளில் அதிகம் காணப்படுவது எச்9 என்2. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே இருக்கிறது.

இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு வெட்டில் இருக்கிறது. வைரஸின் மேல்பரப்பில் உள்ள எச் புரதத்தை ஏதாவது ஒரு நொதி வெட்டிக் கொடுத்தால்தான் அதனால் உயிரணுவுக்குள் தொற்ற முடியும். வீரியம் குறைந்த வகையின் புரதத்தை வெட்டும் நொதிகள் பெரும்பாலும் மூச்சுப்பாதையிலும் குடலிலும் இருப்பவை. அதனால் நோய் அந்தப் பகுதிகளைச் சுற்றியே நிற்கிறது. முட்டைப்பையையும் குழாயையும் தொட்டால் முட்டை குறைகிறது, ஓடு வெளிறுகிறது. வீரியம் மிகுந்த வகையின் புரதத்தையோ உடம்பில் எல்லா உறுப்பிலும் இருக்கும் நொதியே வெட்டிவிடும். மூளை, இதயம், கல்லீரல் என்று எங்கும் பரவி ஓரிரு நாளில் சாவு.

எச்5, எச்7 வகைகள் இரண்டும் லேசாகத் தொடங்கி, கோழிக் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி வீரியம் மிகுந்ததாக மாறக்கூடியவை. அதனால்தான் 'லேசான' என்ற சொல்லை நம்பி வீட்டிலேயே வைத்து வைத்தியம் பார்க்கக் கூடாது. எந்த எச் என்று ஆய்வகம் சொல்லாமல் நமக்குத் தெரியாது. எச்9 என்றே வைத்துக்கொள்வோம், அதோடு ஈ.கோலை, மைக்கோபிளாஸ்மா போன்ற பாக்டீரியா சேர்ந்தால் சாவு எண்ணிக்கை நன்றாகவே ஏறும். பிராய்லர் வைத்திருப்பவர்கள் சிலர் இதைச் 'சளி பேட்ச்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

படி 1: உங்கள் பண்ணைக்குள் வரும் வழிகளை எழுதுங்கள்

ஒரு தாளில் பண்ணையின் படம் போடுங்கள். கேட், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, தீவன அறை, செத்த கோழி போடும் குழி. அப்புறம் ஒரு வாரத்தில் வெளியிலிருந்து வந்த ஆள், வண்டி, பொருள் எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டுக் குறியுங்கள். செய்து பார்த்தால்தான் தெரியும், எத்தனை அம்பு நேராகக் கொட்டகைக்குள் போகிறது என்று.

என் படத்தில் முதலில் நின்றது முட்டை அட்டை. காகித அட்டை எந்தெந்தக் கடைக்கும் பண்ணைக்கும் போய்வந்தது என்று யாருக்கும் தெரியாது. எச்சம் ஒட்டிய அட்டை ஒன்று போதும். இப்போது காகித அட்டை வெளியே போனால் திரும்பி உள்ளே வராது. பிளாஸ்டிக் அட்டை கழுவி, மருந்தில் முக்கி, வெயிலில் காய்ந்த பிறகே வரும்.

அடுத்தது சந்தை. செவ்வாய்க்கிழமை பொய்கை சந்தைக்கு மாடு பார்க்கப் போனாலும் சரி, வேறு சந்தைக்குக் கோழி கொண்டு போனாலும் சரி, திரும்பி வந்த செருப்போடு கொட்டகைக்குள் போகாதீர்கள். அதைவிட மோசம், விற்காத கோழியைத் திரும்பக் கொண்டுவந்து கூட்டத்தில் விடுவது. புரட்டாசியில் விலை விழும்போது இது அதிகம் நடக்கும். சந்தைக்குப் போன கோழி விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் குழம்புக்குப் போக வேண்டும். வளர்த்தே ஆக வேண்டும் என்றால் மூன்று வாரம் தனி இடம், தனி ஆள்.

மூன்றாவது பிராய்லர் ஏற்றும் வண்டி. ஒரே இரவில் மூன்று நான்கு பண்ணைக்குப் போகும் கூண்டுகள் அவை. கொட்டகையில் பாதியை மட்டும் ஏற்றிவிட்டு மீதியை ஒரு வாரம் வைத்திருக்கும் பழக்கம் இருக்கிறதே, அந்த மீதிக் கோழிகளுக்குத்தான் நோய் வரும். ஒப்பந்தப் பண்ணையில் நம் சொல் எடுபடாது என்பது எனக்குத் தெரியும். கேட்டில் சக்கரத்துக்கு மருந்து தெளிப்பதையும் ஏற்றும் ஆட்களுக்கு நம் பண்ணைச் செருப்பு கொடுப்பதையும் யாரும் தடுக்கப் போவதில்லை.

நீர்ப்பறவைகள் இன்னொரு வழி. காட்டு வாத்துகளும் கரையோரப் பறவைகளும்தான் இந்த வைரஸ்களின் இயற்கையான வீடு, பெரும்பாலும் நோயே தெரியாமல் சுமக்கும். காவேரிப்பாக்கம் போன்ற பெரிய ஏரிகளில் மழைக்குப் பிறகு பறவைகள் இறங்குகின்றன. நெல் அறுத்த கழனியில் வாத்துக் கூட்டம் மேய்க்க வருபவர்களும் அதே தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏரித் தண்ணீரையோ திறந்த கிணற்றுத் தண்ணீரையோ கோழிக்குக் கொடுப்பதாக இருந்தால் குளோரின் இல்லாமல் கொடுக்காதீர்கள். ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போதும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளுக்கு ஒரு நாள் முன்பே குளோரினை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் மருந்து செத்துவிடும்.

கடைசியாக, கலப்புப் பண்ணை. ஒரே ஷெட்டில் காடை, வான்கோழி, நாட்டுக்கோழி, கூடவே நாலு சண்டைச் சேவல் என்று வைத்திருப்பது இப்போது குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் நாகரிகமாகிவிட்டது. காடையும் வான்கோழியும் இந்த வைரஸ்களை எளிதில் ஏற்பவை. கம்பி வலைத் தடுப்பு தும்மலை நிறுத்தாது.

படி 2: நோட்டு

கொட்டகை வாசலில் ஒரு நோட்டு, ஒரு பேனா. தினமும் அதே நேரத்தில் நான்கு எண்கள்: குடித்த தண்ணீர், தின்ற தீவனம், முட்டை, சாவு. பிராய்லராக இருந்தால் முட்டைக்குப் பதில் வாரம் ஒருமுறை எடை. இவ்வளவுதான். செல்போனில் செயலி எல்லாம் வந்துவிட்டது, இருந்தாலும் கொட்டகையில் வேலை செய்பவர் கையால் எழுதுவதுதான் நிலைக்கிறது என்பது என் அனுபவம்.

தண்ணீரை அளப்பது கஷ்டம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டிக்கு வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் வைத்து, 50 லிட்டருக்கு ஒரு கோடு பெயின்ட்டில் போடுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை. 1,800 முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குக் கோழிக்கு 110 கிராம் வீதம் ஏறத்தாழ 198 கிலோ தீவனம் ஆகும், தண்ணீர் சாதாரண நாளில் அதற்கு இரண்டு மடங்கு, 400 லிட்டர் சொச்சம். உங்கள் கோழிக்கு எவ்வளவு என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும், என் கணக்கைக் கடன் வாங்காதீர்கள்.

நோயில் முதலில் இறங்குவது தண்ணீரும் தீவனமும். முட்டை அதற்குப் பின்னால் இறங்கும். சாவு கடைசி, வராமலும் போகலாம்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வேலூர் வெயில். கத்திரியில் கோழி தீவனத்தைக் குறைத்துவிடும், முட்டையும் குறையும், ஓடு மெலியும். இதை நோயென்று பயந்து ஓடுபவர்களும் உண்டு, நோயை வெயிலென்று விட்டவர்களும் உண்டு. பிரித்துப் பார்ப்பது எளிது. வெயிலில் தீவனம் இறங்கும்போது தண்ணீர் ஏறும். நோயில் இரண்டும் சேர்ந்து இறங்கும். இதை நான் கொட்டகைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயம் வெயிலும் உச்சம், கோழி நடமாட்டமும் உச்சம். அந்த இரண்டு வாரம் நோட்டை ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கிறேன்.

எவ்வளவு இறங்கினால் டாக்டரைக் கூப்பிடுவது? ஐரோப்பிய நாடுகளில் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: தீவனமும் தண்ணீரும் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், முட்டை 5 சதவீதத்துக்கு மேல் குறைந்து இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால், ஒரு வாரச் சாவு 3 சதவீதத்தைத் தாண்டினால். வீரியம் குறைந்த வகைக்குத் தண்ணீர் அளவு 20 வரை இறங்கட்டும் என்று காத்திருப்பது என்னைப் பொறுத்தவரை தாமதம். முந்தைய மூன்று நாள் சராசரியைவிட 10 சதவீதம் தண்ணீர் குறைந்தால், குழாய் அடைப்பு, கரன்ட், மோட்டார் மூன்றையும் சரிபார்க்கிறேன். அதில் தப்பில்லை என்றால் அன்றைக்கே போன் செய்கிறேன். முட்டைக்கு அந்த 5 சதவீதமே சரியான கோடு. 54 அட்டையில் அது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

எண்களோடு காதும் வேண்டும். இரவு விளக்கை அணைத்த பிறகு பத்து நிமிடம் கொட்டகைக்குள் அசையாமல் நில்லுங்கள். பகலில் தீவனச் சத்தத்தில் கேட்காத தும்மல், கறகறப்பு எல்லாம் அப்போது கேட்கும். எங்கள் கொட்டகையில் வேலை செய்யும் பையன் போன வருடம் ஒரு நாள் வந்து, "அண்ணா, மூணாவது லைன்ல தண்ணி அப்டியே கீதுணா" என்றான். நிப்பிளில் அடைப்புதான், நோயில்லை. ஆனாலும் அன்றைக்கு அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சொன்னால் திட்டு விழும் என்று நினைக்கும் ஆள் கொட்டகையில் இருந்தால் எந்த நோட்டும் உதவாது.

வீட்டுக் கொல்லையில் பத்து இருபது நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு நோட்டு சரிப்படாது. சாயங்காலம் பஞ்சாரத்தில் கவிழ்க்கும்போது எண்ணுங்கள், ஒவ்வொன்றின் இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். இரைப்பை காலியாக அடைய வந்த கோழியைத் தனியே வையுங்கள்.

படி 3: வேறு நோயா என்று பாருங்கள்

முட்டை குறைந்து சளியும் இருந்தால் அது பறவைக் காய்ச்சல்தான் என்று இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோயில் பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், கழுத்து திருகல், கால் இழுப்பு வரும். தடுப்பூசி போட்ட கூட்டத்தில் இவையெல்லாம் மங்கலாகி, முட்டை குறைவு மட்டும் தெரியும், அங்கேதான் குழப்பம். மூச்சுக்குழல் அழற்சி நோயில் ஓடு சுருங்கும், வெள்ளைக்கரு தண்ணீர் போல் ஓடும். முட்டைக் குறைவு நோய்க்கூறு என்ற இன்னொன்றில் கோழி நன்றாகவே தின்னும், ஆனால் ஓடில்லாத தோல் முட்டையிடும். கொரைசா என்ற சளி நோயில் முகம் வீங்கி மூக்கில் நாற்றமடிக்கும் சளி. எச்9-இலும் கண்ணுக்குக் கீழே வீங்கும், நாற்றம் அந்த அளவு இருக்காது. கண்ணால் இவ்வளவுதான் முடியும். டாக்டரும் கண்ணால் பார்த்துச் சொன்னால் அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று: ராணிக்கெட் என்பது உத்தரகண்டில் உள்ள ஊர். ராணிப்பேட்டை நம்முடையது. நோய்க்குப் பெயர் வந்தது ராணிக்கெட்டால். நம் பக்கத்தில் பலர் ராணிப்பேட்டையால்தான் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ராணிப்பேட்டையில் இருப்பது 1932-இல் தொடங்கிய கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், அந்த நோய்க்கான தடுப்பூசியையும் தயாரிக்கும் இடம். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவார முகாமில் நாட்டுக்கோழிக்கு அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கழிச்சல் நோய் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

படி 4: மாதிரி எடுப்பது

அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், அல்லது கால்நடை உதவி எண் 1962-க்கு அழையுங்கள். மாவட்டத்தின் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு அங்கிருந்து வரும். பறவைக் காய்ச்சல் சந்தேக மாதிரியை நீங்களே பார்சல் கட்டி அனுப்பக் கூடாது. உறுதிப்படுத்தும் தேசிய ஆய்வகம் போபாலில் இருக்கிறது. அங்கே துறை வழியாகத்தான் போக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சரியான கோழியைக் காட்டுவது. வைரஸைத் தேட, நோய் தொடங்கிய முதல் வாரத்துக் கோழிகள் வேண்டும்: இன்று காலை தும்மத் தொடங்கியவை, இன்று செத்தவை. தொண்டையிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியால் எடுத்து, திரவம் உள்ள குழாயில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைப்பார்கள். இரண்டு வாரமாக நோயில் இருந்து தேறிய கோழியைக் காட்டினால் வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர் பரிசோதனையில் ஒன்றும் வராமல் போகலாம்.

ரத்தப் பரிசோதனை வேறு மாதிரி. அதற்குக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டகையின் எல்லா மூலையிலிருந்தும் கோழி பிடிக்க வேண்டும். எத்தனை? கூட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு நோய் பட்டிருந்தால், 30 கோழி எடுத்தால் ஒன்றாவது சிக்குவதற்கு 95 சதவீத வாய்ப்பு. இருபதில் ஒரு பங்குதான் என்றால் 60 வேண்டும். ஐந்தாறு கோழி எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதை நம்பித் தூங்காதீர்கள். ரத்தத்தை நோய் தொடங்கும்போது ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை எடுப்பது நல்லது. இரண்டாவதில், வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளின் அளவு எகிறியிருந்தால் இந்த நோய்தான் கடந்து போயிருக்கிறது.

நோய் இல்லாத காலத்திலும் முட்டைக்கோழிப் பண்ணைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30 ரத்த மாதிரி என்று வைத்துக்கொண்டேன். செலவுதான். ஏழு வாரம் முட்டை போனதோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு.

படி 5: முடிவு வரும் வரை முதல் மூன்று நாள்

ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே கேட்டை மூடுங்கள். கோழி, முட்டை, அட்டை, எரு எதுவும் வெளியே போகக் கூடாது. இந்த நேரத்தில்தான் வியாபாரி வந்து, 'இப்போதே ஏற்றிவிடலாம், அப்புறம் விலை போகாது' என்பார். பக்கத்து ஊர்ப் பண்ணைக்கு நோய் அப்படித்தான் போகிறது. நமக்கு நோய் வந்ததும் இன்னொருவர் அப்படி விற்றதால் இருக்கலாம்.

கொட்டகைக்கு ஒரே ஆள். அவருக்கு உள்ளே போட ஒரு செருப்பு, ஒரு சட்டை, அவை அங்கேயே தொங்கும். இரண்டு கொட்டகை இருந்தால் முதலில் ஆரோக்கியமான கொட்டகை, கடைசியில்தான் நோய்க் கொட்டகை. இளம் கோழி முதலில், வயதானது பின்னால். அவருடைய வீட்டில் கோழி வளர்க்கிறார்களா என்று கேளுங்கள். வளர்த்தால் அந்த வாரம் வேறு ஆள்.

வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைக்கிறோம், அதில் இரண்டு நாள் பழைய பெர்மாங்கனேட் தண்ணீர் ஊதாவாக நிற்கும். சாணம் ஒட்டிய செருப்பில் அது வேலை செய்யாது. முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகுதான் மருந்து. நல்ல செய்தி, இந்த வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை இருப்பதால் சோப்புத் தண்ணீரே அதைப் பாதி கொன்றுவிடும். அதன்மேல் இரண்டு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டோ, டாக்டர் சொல்லும் வேறு கிருமிநாசினியோ. பத்து நிமிடமாவது ஈரமாக இருக்கட்டும். தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

இந்த நாட்களில் உயிருள்ள தடுப்பு மருந்து எதையும் கொடுக்காதீர்கள். கழிச்சலுக்கோ மூச்சுக்குழல் நோய்க்கோ சொட்டு மருந்து போட வேண்டிய முறை வந்திருந்தாலும் தள்ளிப் போடுங்கள். வீங்கிய மூச்சுக்குழாயில் அது இன்னும் எரிச்சல் கூட்டும். சிலருக்குச் சாவு ஏறுவது நோயால் அல்லாமல் இந்த அவசரத்தால்தான்.

லேசானதில்லை என்றால்

முதல் நாள் 5, மறுநாள் 20, அதற்கடுத்து 90 என்று சாவு ஏறினால், கொண்டையும் தாடியும் ஊதாவாகி வீங்கினால், காலில் தோலுக்கு அடியில் ரத்தத் திட்டு தெரிந்தால், கொட்டகை திடீரென்று அமைதியாகிவிட்டால், நிறுத்துங்கள். செத்த கோழியை அறுத்துப் பார்க்காதீர்கள், தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வேலூருக்கு வராதீர்கள். உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் பறவைக் காய்ச்சல் அறிவிக்கை செய்ய வேண்டிய நோய், மறைப்பது குற்றம். வீரியம் மிகுந்த வகை உறுதியானால் பண்ணையைச் சுற்றி 1 கிலோமீட்டர் வரை கோழிகளை அழிப்பார்கள், 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பார்கள். அரசு அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு. அதற்கு முன்பே செத்துப் போனதற்குக் கிடைக்காது, எனவே மறைத்து வைப்பதில் பணக் கணக்கும் தப்புக் கணக்கு.

2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் எச்5 என்1 வந்தபோது எல்லைச் சோதனைச் சாவடிகளில் கோழி வண்டிகளை நிறுத்தினார்கள். சித்தூர் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. அங்கிருந்து குஞ்சோ முட்டையோ வாங்குபவர்கள் அந்தப் பக்கத்துச் செய்தியையும் படிக்க வேண்டும்.

படி 6: எச்9 என்று உறுதியான பிறகு

வைரஸைக் கொல்லும் மருந்து கோழிக்குக் கிடையாது. செய்யக்கூடியது, உடம்பு தானே போராட இடம் கொடுப்பது. அம்மோனியா நாற்றம் கண்ணை எரித்தால் அது கோழியின் மூச்சுக்குழாயையும் எரிக்கிறது. மார்கழிப் பனிக்காகச் சாக்குப் படுதாவை முழுக்க இறக்கியிருப்போம். மேலே ஒரு அடி திறந்து விடுங்கள், காற்று தலைக்கு மேல் போகட்டும். ஈரமான கூளத்தை அள்ளிவிட்டு உலர்ந்த உமியோ கடலைத் தோலோ போடுங்கள். தண்ணீரில் எலக்ட்ரோலைட்டும் வைட்டமினும் கலந்து கொடுக்கலாம். தீவனத்தைச் சிறிது சிறிதாகப் பல தடவை போட்டால் தின்ன எழுந்திருக்கும்.

ஆன்டிபயாட்டிக் வைரஸுக்கு ஒன்றும் செய்யாது. கூடவே வரும் பாக்டீரியாவுக்கு வேண்டியிருக்கலாம், அதையும் எந்த மருந்து என்று பரிசோதித்து டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகே கொடுங்கள். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு 2019 முதல் உணவுக்கான விலங்குகளில் தடை. எந்த மருந்தாக இருந்தாலும் அதை நிறுத்தி எத்தனை நாள் கழித்து முட்டையும் கறியும் விற்கலாம் என்பதைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.

நோய்க் கோழியைக் கறிக்கு விற்பது இல்லை. தினமும் சாகும் கோழியை மூடி போட்ட குழியில் சுண்ணாம்போடு போடுங்கள், கிணற்றுக்கும் ஏரிக்கும் தள்ளி. பாலாற்று மணலில் வீசிவிட்டு வரும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நாய் இழுத்துக்கொண்டு ஊருக்குள் வரும்.

பிராய்லராக இருந்தால் கூட்டம் தேறி டாக்டர் சரி என்ற பிறகு முழுக் கொட்டகையையும் ஒரே தடவையில் ஏற்றி, நேராகக் கறிக்கூடத்துக்கு அனுப்புங்கள். பாதி பாதியாக வேண்டாம்.

தடுப்பூசி போடலாமா

எச்9 என்2-க்குச் செயலிழக்கச் செய்த தடுப்பூசி இப்போது உண்டு. போபால் நிறுவனமே ஒன்றை உருவாக்கி, 2022-இல் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. நாற்பது நாளில் விற்கும் பிராய்லருக்கு அது அதிகம் பொருந்தாது. ஒன்றரை ஆண்டு வைத்திருக்கும் முட்டைக்கோழிக்கும் தாய்க்கோழிக்கும் யோசிக்கலாம். முட்டையிடத் தொடங்கும் முன் வளர்பருவத்திலேயே ஊசி முடிந்திருக்க வேண்டும். நோய் வந்த பிறகு போடுவது காசைத் தண்ணீரில் போடுவது.

இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போடுங்கள். எச்9 ஊசி எச்5-ஐத் தடுக்காது. ஊசி போட்ட கோழிக்கு நோய் தெரியாது, ஆனால் தொற்றினால் வைரஸைச் சிறிதளவாவது வெளியேற்றும். அதாவது நோட்டில் எந்த எண்ணும் இறங்காமலேயே கொட்டகையில் வைரஸ் இருக்க முடியும். அதனால் ஊசி போடும்போது நூறு கோழிக்கு ஒன்றிரண்டை விட்டுவிட்டு, காலில் வளையம் மாட்டி வையுங்கள். ரத்தம் எடுக்கும்போது அந்த வளையக் கோழியிடம்தான் எடுக்க வேண்டும்.

நமக்கு வருமா

அரிதாக வரும். எச்9 என்2 மனிதருக்கு வந்ததாக நம் நாட்டில் முதலில் பதிவானது 2019-இல், மகாராஷ்டிரத்தின் மேல்காட் பகுதியில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு. 2024-இல் மேற்கு வங்கத்தில் இன்னொரு குழந்தைக்கு. நோய்க் கொட்டகைக்குள் குழந்தைகளை விடாதீர்கள். எரு அள்ளும்போதும் செத்த கோழியை எடுக்கும்போதும் முகக்கவசம், கையுறை, கடைசியில் சோப்பு. பத்து நாளுக்குள் காய்ச்சலோ இருமலோ வந்தால், அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போனாலும் எங்கே போனாலும், 'எங்கள் கோழிக்கு நோய்' என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். டாக்டர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம். சமைத்த முட்டையிலும் கறியிலும் பயமில்லை, 70 டிகிரி சூட்டில் வைரஸ் நிற்காது. தம் போட்ட ஆம்பூர் பிரியாணி அதைத் தாண்டித்தான் தட்டுக்கு வருகிறது. அரைவேக்காட்டு முட்டையை மட்டும் இந்தச் சமயம் தவிர்க்கலாம்.

படி 7: காலி செய்து மீண்டும் தொடங்குவது

எருவை முதலில் கொட்டகைக்குள்ளேயே குவித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் போட்டு மூடுங்கள். குவியலின் நடுவில் சூடு ஏறும், 60 டிகிரியைத் தொட்டால் அரை மணியில் வைரஸ் செத்துவிடும். ஓரங்கள் அவ்வளவு சூடாகாது என்பதால் ஒரு வாரம் கழித்துப் புரட்டிவிட்டு மறுபடி மூட வேண்டும். தென்னந்தோப்புக்காரர் டிராக்டரோடு வந்து நிற்பார், அவரை மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள்.

அப்புறம் கூரையிலிருந்து தரை வரை சோப்புத் தண்ணீர், காய விடுதல், கிருமிநாசினி, மறுபடி காய விடுதல், சுண்ணாம்பு. தண்ணீர்க் குழாய்க்குள் படிந்திருக்கும் வழுவழுப்பைப் பலர் மறக்கிறார்கள். குழாயை முழுவதும் கிருமிநாசினி நிரப்பி இரவு முழுக்க வைத்து, காலையில் அலசி விடுங்கள். தீவனத் தொட்டியில் மிச்சமிருந்த தீவனத்தைப் புதைத்துவிடுங்கள். சுத்தம் முடிந்த நாளிலிருந்து குறைந்தது 14 நாள் கொட்டகை காலியாக வெயில் குடிக்கட்டும். நம் ஊர் வெயில் ஓசியில் கிடைக்கும் ஒரே கிருமிநாசினி.

புதிய பேட்ச் முழுவதையும் உடனே விடவில்லை நான். ரத்தம் பார்த்துச் சுத்தம் என்று தெரிந்த, எச்9 ஊசி போடாத 25 வளர்கோழிகளை வாங்கி, கொட்டகையின் எல்லா மூலையிலும் திரிய விட்டேன். மூன்று வாரம் அதே நோட்டு, அதே நான்கு எண்கள், வாரம் ஒரு தடவை தொண்டையில் பஞ்சுக்குச்சி. 21-ஆம் நாள் எடுத்த ரத்தமும் சுத்தமாக வந்தது. மறுநாள் காலைதான் 1,800 கோழிக்கு முன்பணம் கொடுத்தேன்.